யோகாவை வாக்குறுதிகளிடமிருந்து மீட்போம்

ஜூன் 21 வந்தால் நாடெங்கும் மைதானங்களில் விரிப்புகள் நிறைகின்றன. 2014 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் இந்தியா கொண்டுவந்த தீர்மானத்துக்கு 177 நாடுகள் துணை நின்றன. அதிலிருந்து யோகாவைக் கேள்விப்படாதவர் யாருமில்லை. ஆனால், கேள்விப்பட்டதால் உடம்பு அசைந்துவிடுவதில்லை. 2022 நிலவரப்படி இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் போதிய உடலியக்கம் இல்லாமல் வாழ்கிறார்கள் என்று ‘லான்செட்’ குழும இதழ் ஒன்றில் வந்த ஆய்வு சொன்னது. பெண்களில் இந்த விகிதம் 57%. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து சென்னை ஆய்வாளர்கள் நடத்தி, 2023-இல் வெளியான ஆய்வின்படி 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய். 31 கோடிக்கும் மேற்பட்டோருக்கு உயர் ரத்த அழுத்தம். வீட்டில் ஒரு பாய் விரிக்க இடமிருந்தால் செய்துவிடக்கூடிய ஒன்று, இத்தனை விளம்பரத்துக்குப் பிறகும் ஏன் அன்றாடப் பழக்கமாகவில்லை? மக்களின் சோம்பலைக் குற்றம் சொல்வது எளிது. யோகாவின் பெயரால் அள்ளி வழங்கப்படும் வாக்குறுதிகளுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு என்பதுதான் என் வாதம். அண்மைக் காலமாகப் பிரபலமாகிவரும் நன்றியுணர்வுப் பயிற்சிக்கும் இதே கதிதான் நேர்கிறது.

சர்க்கரை அறவே மறையும், மூட்டு வலி பறந்துபோகும், முப்பதே நாளில் மனம் தெளியும் என்றெல்லாம் கேட்டு ஒருவர் யோகாவைத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிர்பார்ப்பு பெரிது என்பதால் தொடக்கமும் பெரிதாக இருக்கும். அதிகாலையில் எழுந்து, ஒரு மணி நேரம், கடினமான ஆசனங்கள். இரண்டு வாரம் ஓடும். பிறகு வீட்டில் ஒரு விசேஷம், ஒரு காய்ச்சல், ஓர் அலுவலக நெருக்கடி வரும், சங்கிலி அறுந்துபோகும். மாதக் கடைசியில் பரிசோதனை செய்தால் சர்க்கரை அளவு முன்பிருந்த இடத்திலேயே நிற்கும். ‘எனக்கு இது ஒத்துவரவில்லை’ என்று பாயைச் சுருட்டி வைத்துவிடுவார். அவர் தோற்றதற்குக் காரணம் அவரிடம் இல்லை. அவர் முன் வைக்கப்பட்ட அளவுகோல் பொய்யானது. பழக்கம் படிய 21 நாள் போதும் என்ற புகழ்பெற்ற கணக்கே அப்படிப்பட்டதுதான். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க அறுவைசிகிச்சை நிபுணர், முகச் சீரமைப்பு செய்துகொண்டவர்களுக்குப் புதிய முகம் பழக ஏறத்தாழ அவ்வளவு நாளாவது ஆகிறது என்று தாம் கவனித்ததை 1960-இல் ஒரு நூலில் எழுதினார். அது கைமாறிக் கைமாறி எல்லாப் பழக்கங்களுக்குமான விதியாகிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைப் பின்தொடர்ந்து உண்மையிலேயே கணக்கெடுத்தபோது, ஒரு செயல் தன்னியல்பாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது தெரிந்தது. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது; சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிடப்பட்டது. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் பழகின, உடற்பயிற்சிக்குக் கூடுதல் நாள் பிடித்தது. அந்த ஆய்வில் எனக்கு மிகவும் ஆறுதல் தருவது இன்னொரு முடிவு: இடையில் ஒருநாள் விட்டுப்போனால் பழக்கம் படிவது கெட்டுவிடவில்லை. இதைச் சொல்லிக்கொடுத்திருந்தால் எத்தனையோ பேர் காய்ச்சலுக்குப் பிறகும் பாயை மறுபடி விரித்திருப்பார்கள்.

யோகா உண்மையில் எவ்வளவு செய்யும்? நல்ல சான்று இருக்கும் இடங்களில் ஒன்று நாள்பட்ட இடுப்பு வலி. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில், பெரும்பாலும் ஏழை எளிய மக்களான 320 பேரிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. பன்னிரண்டு வார யோகா வகுப்பு, பிசியோதெரபிக்குச் சளைக்காத பலனைத் தந்தது. அதே ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி, நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் முயன்றுபார்க்கத்தக்க வழிகளின் பட்டியலில் யோகாவையும் சேர்த்தது. நம் நாட்டிலேயே இதைவிடப் பெரிய ஆய்வு ஒன்று நடந்திருக்கிறது. மாரடைப்பு வந்து மீண்ட 3,959 பேரை 24 மருத்துவமனைகளில் சேர்த்து, மருத்துவர் துரைராஜ் பிரபாகரன் உள்ளிட்டோர் நடத்திய ‘யோகா-கேர்’ ஆய்வு அது. ஒரு பிரிவினருக்கு மூன்று மாதத்தில் 13 யோகா வகுப்புகள். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்போடு சற்றுக் கூடுதல் ஆலோசனை. 2020-இல் வெளியான முடிவுகளை மேடைகளில் யாரும் அதிகம் பேசுவதில்லை, ஏனென்றால் அவை கைதட்டலுக்கு ஏற்றவை அல்ல. மறுபடி மாரடைப்பு, பக்கவாதம், மரணம் போன்றவை யோகா பிரிவில் குறைந்தன என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆனால் தங்கள் உடல்நிலை பற்றி அவர்களே சொன்ன மதிப்பீடு சற்றே மேம்பட்டிருந்தது. நோய்க்கு முன் செய்துவந்த வேலைகளுக்கு அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் திரும்பினார்கள். மாரடைப்பு வந்தவருக்குப் படியேறுவதற்கும், கடைக்கு நடந்துபோவதற்கும்கூட மனதில் ஓர் அச்சம் குடியேறிவிடுகிறது. அந்த அச்சத்தைத் தாண்டி மனிதர் தன் பழைய வாழ்க்கைக்குத் திரும்புவது சிறிய விஷயம் அல்ல. இதயக் குழாய் அடைப்பு யோகாவால் கரையும் என்று சொல்பவர்கள், கையில் இருக்கும் இந்த உண்மையான நன்மையை மறைத்துவிட்டு இல்லாத ஒன்றை விற்கிறார்கள்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் எழும். பலன் இவ்வளவுதான் என்றால் யோகாவுக்கு ஏன் தனி மரியாதை? வெறும் உடற்பயிற்சி போதாதா? இந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கும் சான்றும் இருக்கிறது. இடுப்பு வலி உள்ள 228 பேரை வைத்து 2011-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், யோகா செய்தவர்களும் சாதாரணமாகத் தசைகளை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தவர்களும் ஏறத்தாழச் சமமாகத் தேறினார்கள். வலியைத் தாமே சமாளிப்பது பற்றிய புத்தகம் மட்டும் கொடுக்கப்பட்டவர்கள்தான் பின்தங்கினார்கள். எனக்கு இது யோகாவுக்கு எதிரான முடிவாகப் படவில்லை. யோகாவின் பலனில் கணிசமான பங்கு, உடலைக் கவனத்தோடு அசைப்பதிலிருந்தே வருகிறது என்று அது காட்டுகிறது. அப்படியானால், எது சிறந்தது என்ற கேள்வியைவிட எதை விடாமல் செய்வோம் என்ற கேள்விதான் முக்கியம். நடக்கப் பாதுகாப்பான தெரு இல்லாதவர், மழைக்காலத்தில் வெளியே போக முடியாதவர், ஜிம்முக்குக் கட்டணம் கட்ட இயலாதவர் ஆகியோருக்கு நான்கடிக்கு ஆறடி இடத்தில் முடிந்துவிடும் யோகா தோதானது. அதே சமயம், மென்மையான ஆசனங்கள் வேக நடைக்கு ஈடாகா. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மூச்சு சற்று வாங்கும் அளவுக்கு உடலியக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடப்பவர்கள் நடப்பதை நிறுத்திவிட்டு யோகாவுக்கு மாறுவதில் லாபம் இல்லை.

சிறிதாகத் தொடங்குவது யோக மரபுக்குப் புறம்பானது என்று நினைப்பவர்கள், தமிழ்நாட்டில் யோகா வளர்ந்த விதத்தைப் பார்க்கலாம். 1930-களில் மைசூர் அரண்மனையில் சிறுவர்களுக்குக் கடுமையான ஆசனங்களைக் கற்பித்து, மேடைகளில் செய்துகாட்டியவர் கிருஷ்ணமாச்சாரியா. அவருடைய மாணவர்களான பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ் வழியாக உலகம் அறிந்தது பெரும்பாலும் அந்தக் காலத்து யோகாவைத்தான். 1950-களில் சென்னைக்கு வந்த பிறகு அவருடைய கற்பித்தல் மாறியது. வயதானவர்களும் நோயாளிகளும் தனித்தனியாக வந்தார்கள்; வந்தவரின் வயது, உடல், தொழிலுக்கேற்பப் பயிற்சி சுருங்கியது, எளிமையானது, மூச்சோடு இணைந்தது. அவருடைய மகன் தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் அந்த அணுகுமுறையைத்தான் எடுத்துச் சென்றது. இன்னொரு பக்கம், கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911-இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி, கை, கால், மூச்சு, கண் என்று படிப்படியாகச் செல்லும் ‘எளியமுறை உடற்பயிற்சி’யை வகுத்தார். சிறு ஊர்களில்கூட அவர் வழியில் நடக்கும் மனவளக்கலை மன்றம் இருப்பதற்கும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கடைக்காரர்களும் அங்கே கூடுவதற்கும் அந்தப் பெயரில் உள்ள ‘எளிய’ என்ற உறுதிதான் காரணம் என்று நினைக்கிறேன். எளிமைக்கு மருத்துவக் காரணமும் உண்டு. தலைகீழாக நிற்கும் சிரசாசனத்தின்போது கண்ணின் உள் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006-இல் பதிவு செய்தார்கள். கண் நீர் அழுத்த நோய் உள்ளவருக்கும் கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவருக்கும் அது தேவையற்ற ஆபத்து. படம் எடுக்க அழகாக இருக்கும் ஆசனம் ஐம்பது வயதில் புதிதாகத் தொடங்குபவருக்கு உரியது அல்ல.

நன்றியுணர்வுக்கு வருவோம். இதை அறிவியல் ஆய்வுக்குள் அழுத்தமாகக் கொண்டுவந்தவர்கள் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரு உளவியலாளர்கள். 2003-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் மாணவர்கள் பத்து வாரம், வாரம் ஒருமுறை எழுதினார்கள். ஒரு பிரிவினர் நன்றி பாராட்டத்தக்கவற்றையும், இன்னொரு பிரிவினர் எரிச்சலூட்டியவற்றையும், மூன்றாம் பிரிவினர் வெறும் நிகழ்வுகளையும் குறித்தார்கள். முதல் பிரிவினர் தங்கள் வாழ்க்கையை மேலாக மதிப்பிட்டார்கள். உடல் உபாதைகள் பற்றிய அவர்களின் புகாரும் குறைவாக இருந்தது. 2005-இல் உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் செய்த சோதனை இன்னும் நுட்பமானது. தனக்கு உதவியும் தான் சரியாக நன்றி சொல்லாமல் விட்ட ஒருவருக்குக் கடிதம் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர்களின் மகிழ்ச்சி சட்டென்று உயர்ந்தது, ஒரு மாதம் வரை நின்றது, பிறகு வடிந்தது. ஒரு வாரம், இரவுதோறும் அன்று நன்றாக நடந்த மூன்று விஷயங்களையும் அவை ஏன் நடந்தன என்பதையும் எழுதியவர்களிடம் ஏற்றம் மெதுவாக வந்தது, ஆறு மாதம் வரை தெரிந்தது. தாமாகவே தொடர்ந்து எழுதியவர்களுக்குப் பலன் அதிகம் கிடைத்தது. இதிலும் எச்சரிக்கை உண்டு. வாரம் ஒருமுறை எழுதியவர்கள் பயன்பெற்று, வாரம் மூன்று முறை எழுதியவர்கள் பயன்பெறாமல் போன ஆய்வும் இருக்கிறது. நாள்தோறும் ‘குடும்பம், உடல்நலம், வேலை’ என்று ஒரே பட்டியலை நிரப்பினால் அது வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது போலாகிவிடும். ஆகவே யோகாவை நாள்தோறும் வைத்துக்கொண்டு, நன்றிக் குறிப்பை வாரத்தில் ஓரிரு நாள், குறிப்பான ஒரு நபரையும் குறிப்பான ஒரு செயலையும் பற்றியதாக வைத்துக்கொள்வதே சரி என்பது என் தீர்ப்பு. அந்த நபரிடம் அதைச் சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

நன்றியுணர்வின் மீது வைக்கப்படும் கடுமையான விமர்சனம் வேறொன்று. குறைந்த கூலிக்கு உழைப்பவரிடமும், வீட்டில் துன்பப்படுபவரிடமும் ‘உனக்குக் கிடைத்ததை எண்ணி நன்றியோடு இரு’ என்று சொல்வது, வாயை அடைக்கும் தந்திரம் அல்லவா என்கிறார்கள். இந்தக் கேள்வியை நான் முழு மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அப்படிப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இதற்கான விடையும் நம்மிடமே இருக்கிறது. திருக்குறளில் ‘செய்ந்நன்றி அறிதல்’ பதினோராம் அதிகாரம். அதை அடுத்து வருவது ‘நடுவு நிலைமை’. இந்த வரிசைக்கு உரையாசிரியர் பரிமேலழகர் தரும் விளக்கம் கூர்மையானது. ஒருவர் செய்த உதவியை நினைக்கும்போது நம் நடுவுநிலை சிதைய வாய்ப்புண்டு, அந்த இடத்திலும் அது சிதையக் கூடாது என்பதற்காகவே இந்த அதிகாரம் அதன் பின் வைக்கப்பட்டது என்கிறார். உதவியை மறக்காமல் இருப்பதும், அதற்காக நியாயத்தை விட்டுக்கொடுக்காமல் இருப்பதும் ஒரே மனிதரிடம் இருக்க வேண்டிய குணங்கள் என்பது அவர் காட்டும் நிலை. சக தொழிலாளி செய்த உதவியை நினைத்து நெகிழ்பவர், அதே நாளில் ஊதிய உயர்வு கேட்டுச் சங்கத்தில் கையெழுத்திடலாம். நன்றியுணர்வை முதலாளியோ கணவரோ கட்டளையாக இடும்போது அது அந்த நிமிடமே பொருளிழந்துவிடுகிறது. தன்னிச்சையாக, தனக்கு நன்மை செய்தவர் யார் என்று ஒருவர் தானே தேடிப் பார்ப்பதுதான் இந்தப் பயிற்சி.

‘நேரம் இல்லை’ என்ற ஆட்சேபம் மேலோட்டமானதாகத் தெரிந்தாலும் இருப்பவற்றில் கனமானது அதுதான் என்று நினைக்கிறேன். யாருக்கு நேரம் இல்லை என்று பார்த்தால் விஷயம் விளங்கும். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். காலையில் ஆண் யோகா விரிப்பில் அமர்ந்திருக்கும் பல வீடுகளில், அந்த அமைதியை அடுப்படியில் நிற்கும் பெண்தான் சாத்தியமாக்குகிறார். அவருக்குப் போதிய உடலியக்கம் இல்லை என்று புள்ளிவிவரம் சொல்வதில் ஒரு வேதனை இருக்கிறது: நாள் முழுக்க நின்றும் குனிந்தும் வேலை செய்பவருக்கு, தன் உடலுக்காக மட்டும் ஒதுக்கிய பத்து நிமிடம் இல்லை. ஆகவே ‘தினமும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்’ என்று பெண்ணிடம் சொல்வதற்கு முன், அந்தப் பத்து நிமிடம் பாலைக் காய்ச்சுவதும் பிள்ளையை எழுப்புவதும் யார் என்பதை அந்த வீடு முடிவு செய்தாக வேண்டும். வேதாத்திரி மகரிஷி தம் மனைவி லோகாம்பாளின் பிறந்தநாளான ஆகஸ்ட் 30-ஐ ‘மனைவி நல வேட்பு நாள்’ ஆக்கினார். மனவளக்கலை மன்றங்களில் கணவர்கள் அன்று மனைவிக்கு நன்றி சொல்கிறார்கள். மனதுக்கு இதமான வழக்கம் அது. மற்ற 364 நாளில் அந்த நன்றி, பாத்திரம் கழுவும் கைகளாக வெளிப்பட்டால் யோகாவுக்கும் நேரம் பிறக்கும்.

யோகா ஒரு மதத்தின் சடங்கு என்று தயங்குபவர்களும் இருக்கிறார்கள். முதுகை வளைப்பதற்கும் மூச்சை மெல்ல விடுவதற்கும் மந்திரம் தேவையில்லை; மந்திரம் சொல்ல விரும்புபவரை யாரும் தடுக்கவும் இல்லை. பள்ளிகளும் அலுவலகங்களும் இந்த இரண்டையும் பிரித்து நடத்தினால் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். இதைவிடக் கவலைக்குரியது, மனச்சோர்வில் இருப்பவரிடம் ‘யோகா செய், நல்லதை நினை’ என்று சொல்லி அனுப்பிவிடும் போக்கு. நன்றியுணர்வுப் பயிற்சிகள் பற்றிய 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2021-இல் வெளியான ஆய்வறிக்கை, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் அவற்றின் பலன் சிறிதே என்றும், அந்த நோய்களுக்கு வேறு சிகிச்சைகளை நாடுவதே நல்லது என்றும் சொன்னது. வாரக்கணக்கில் தூக்கமின்றி, எதிலும் பிடிப்பின்றி இருப்பவருக்கு மருத்துவரைக் காட்டுவதே முதல் உதவி. 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கிறது, கட்டணம் இல்லை.

அப்படியானால் அன்றாடம் என்ன செய்வது? பல் தேய்த்ததும், காபிக்கு முன், தினமும் ஒரே இடத்தில். புதுப் பழக்கம் ஏற்கெனவே உள்ள ஒரு பழக்கத்தோடு ஒட்டிக்கொண்டால்தான் நினைவூட்டல் இல்லாமல் வரும். நின்றபடி மூச்சை இழுத்துக் கைகளை மேலே உயர்த்தி இறக்குவது. கை, முழங்கால்களை ஊன்றி முதுகை மேலும் கீழும் வளைப்பது. குப்புறப் படுத்து நெஞ்சை மட்டும் சற்றே தூக்குவது. மல்லாந்து படுத்து முழங்கால்களை மார்போடு அணைப்பது. கடைசியில் இரண்டு நிமிடம், உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவது நீளமாக இருக்கும்படி மூச்சு. தரையில் உட்கார முடியாதவருக்கு நாற்காலியிலேயே இவற்றில் பாதி முடியும். காய்ச்சல் நாளில் மூச்சு மட்டும் போதும். வலி வந்தால் நிறுத்திவிட்டு, தெரிந்த ஆசிரியரிடம் காட்டிக்கொள்ளலாம். ஞாயிறு இரவு ஒரு வரி: இந்த வாரம் யார், எனக்காக என்ன செய்தார்.

இதை வீடு வீடாகக் கொண்டுபோகும் வழியும் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளோடு வீட்டுக்கே வருகிறார்கள். இயன்முறை சிகிச்சையாளர்களும் தேவைப்படும் வீடுகளுக்குச் செல்கிறார்கள். மேடை யோகாவுக்குச் செலவிடும் கவனத்தில் ஒரு பங்கை இந்தப் பெண்கள் பக்கம் திருப்பலாம். ஐந்து எளிய அசைவுகளை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, அடுத்த மாதம் வரும்போது ‘எத்தனை நாள் செய்ய முடிந்தது?’ என்று கேட்டு அட்டையில் குறிக்கச் சொல்லலாம். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதையும் அவர்கள் வாயாலேயே கேட்பது நோயாளிக்கு நம்பிக்கை தரும். கூடுதலாகச் சுமத்தும் இந்த வேலைக்கு, பாராட்டுச் சான்றிதழோடு நிறுத்திவிடாமல் கூடுதல் ஊதியத்தையும் அரசு சேர்த்தே அறிவிக்க வேண்டும்.